எரிமலைக்கு ஒரு கணிச்சம்

கேரளத்தின் தென்கோடிக் கடற்கரை ஊரான பொழியூரில் மணலில் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம்தான் கணிச்சம் என்றால் என்னவென்று முதலில் கேட்டேன். வலையூசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக் காட்டினார். முன்னால் இருக்கிற விரல் கரையிலுள்ள குருசடி என்ற சிற்றாலயம். பின்னால் இருப்பது, அதற்கு நேர் பின்னே தூரத்தில் நீலமாய்த் தெரியும் மலைமுகடு. கடலில் வள்ளத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றால் ஒரு கணிச்சம் கிடைத்துவிட்டது. வேறொரு திசையில் இதேபோல் இன்னொரு ஜோடியைப் பிடிக்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் கீழே பார் கிடக்கிறது. பார் இருக்கும் இடத்தில் மீன் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாறையைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை வைத்துக் கண்டுபிடிக்கும் வித்தை இது. எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "பாத்துட்டே இருக்கணும் மக்களே. ஒரு நாளு பாத்தா ஒண்ணும் தெரியாது."

எரிமலை ஆய்வாளர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், தன் தொழிலைப் பற்றித்தான் பெரியவர் பேசுகிறார் என்று நினைத்திருப்பார். இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை பாரன் தீவு ஒன்றே ஒன்றுதான். அதை நாம் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தேடிப் போனபோதெல்லாம் எனக்கு அந்த இரண்டு விரல்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

அந்த ஜனவரி மாலை

2017 ஜனவரி 23. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வுக் கப்பல் 'சிந்து சங்கல்ப்' அந்தமான் கடலில், பாரன் தீவுக்குப் பக்கத்தில் நின்றது. அபய் முதோல்கர் தலைமையிலான குழு கடல் தரையிலிருந்து சேற்று மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது. எரிமலை வெடிப்பதைப் பார்ப்பதற்காக அவர்கள் போகவில்லை. வேலைக்கு நடுவே தீவின் உச்சி திடீரென்று சாம்பலைக் கக்கத் தொடங்கியது.

கப்பலைச் சுமார் ஒரு மைல் தூரத்தில் நிறுத்திக்கொண்டு குழுவினர் கூர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வெடிப்பும் ஐந்து முதல் பத்து நிமிடம் நீடித்தது. பகலில் சாம்பல் மேகம் மட்டுமே தெரிந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் அதன் உண்மையான நிறம் வெளிப்பட்டது. வாயிலிருந்து செந்நிற ஊற்றாக எரிகுழம்பு மேலே பீறிட்டது, சரிவுகளில் சிவந்த கோடுகளாக வழிந்தது. மூன்று நாள் கழித்து, ஜனவரி 26 அன்று, பி. நாகேந்தர் நாத் தலைமையில் இரண்டாவது குழு அதே இடத்துக்குப் போனது. எரிமலை ஓயவில்லை. தீவைச் சுற்றி எடுத்த மாதிரிகளில் நிலக்கரியைப் போலக் கறுத்த எரிமலைத் துண்டுகள் கிடைத்தன.

இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சின்ன விஷயம் என்னை உறுத்தும். அந்த மாலையில் அந்தக் கப்பல் வேறெங்காவது நின்றிருந்தால், செயற்கைக்கோளில் ஒரு வெப்பப் புள்ளியாக மட்டுமே அது பதிவாகியிருக்கும். நாகேந்தர் நாத் குழு திரும்பிப் போய்ப் பார்த்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். முதல்முறை கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். இரண்டாம் முறை போனதால்தான் அது ஆய்வானது.

கடலுக்குள் ஒரு தொட்டபெட்டா

பாரன் தீவு போர்ட் பிளேரிலிருந்து (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். குறுக்களவு மூன்று கிலோமீட்டர்தான், உயரம் 354 மீட்டர். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவே. மலையின் அடி கடலுக்குள் சுமார் 2,250 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தண்ணீரை வடித்துவிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா உயரத்துக்கு ஒரு மலை நிற்கும். பொழியூர்க்காரர்களுக்குப் பழக்கமான அகத்தியமலையை விட அது எழுநூறு மீட்டருக்கு மேல் உயரம்.

இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்குக் கீழே சரிந்து நுழைகிற வரிசையில் அது உட்கார்ந்திருக்கிறது. கீழே போகும் தட்டு நீரையும் சுமந்துகொண்டு இறங்குகிறது. ஆழத்தில் அந்த நீர் கசிந்து, மேலே இருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகியது மேலே ஏறுகிறது. சுமத்ரா, ஜாவா எரிமலைகளெல்லாம் இதே குடும்பம். தீவில் தரைக்கு மேலுள்ள மிகப் பழைய எரிகுழம்புப் பாறைக்கு வயது சுமார் 16 லட்சம் ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள்.

மனிதர் எழுதி வைத்த வெடிப்புகள் 1787 முதல் தொடங்குகின்றன. 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தீவுக்குப் போனபோது நடுக் கூம்பிலிருந்து செந்தணலாய்க் கற்கள் பறந்துகொண்டிருந்தன. 1884-ல் எஃப். ஆர். மாலெட் போய் ஆராய்ந்தார். அதற்குள் மலை தூங்கிவிட்டிருந்தது. 1891-ல் போர்ட் பிளேரிலிருந்து போன நீராவிக் கப்பல் ஒன்று சில ஆடுகளை அங்கே விட்டுவிட்டு வந்தது. ஆடுகள் பெருகின. ஆளில்லாத தீவில், தூங்கும் எரிமலையின் மடியில் நூறாண்டு மேய்ந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான அந்த உறக்கம் 1991-ல் கலைந்தது. பிறகு 1994-95. பிறகு 2005 மே மாதம், 2004 டிசம்பர் சுனாமிக்கு ஐந்து மாதம் கழித்து. அந்தப் பெரிய நிலநடுக்கம்தான் அதைத் தட்டி எழுப்பியதா என்பதில் அறிவியலாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. அதிலிருந்து விட்டுவிட்டுக் கனன்றுகொண்டே இருக்கிறது. 2025 செப்டம்பரிலும் புகைந்து சிவந்தது.

அக்கானிச் சட்டியும் எரிகுழம்பு ஏரியும்

பாரன் தீவில் நிலையான எரிகுழம்பு ஏரி கிடையாது. உலகத்திலேயே அப்படிப்பட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹவாயின் கிலவேயா, காங்கோவின் நியிரகாங்கோ, எத்தியோப்பியாவின் எர்ட்டா ஆலே, அண்டார்டிகாவின் எரபஸ் போன்ற சில மலைகளில்தான் நீண்ட காலம் இருந்திருக்கின்றன. எரிமலையைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்பதை உலகம் கற்றுக்கொண்டதில் இந்த ஏரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பூமியின் வயிற்றுக்குள் நடப்பதைக் காட்டும் திறந்த சன்னல்கள் அவை.

பாறசாலைப் பக்கத்தில் பனையேறும் வீடுகளில் அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு எரிகுழம்பு ஏரியைச் சுலபமாகப் புரியவைக்கலாம். முதலில் சட்டியில் தண்ணீராகத் தளதளக்கும். சூடேறியது நடுவில் பொங்கி மேலே வரும், ஓரமாக ஓடிக் குளிர்ந்து கீழே இறங்கும். நுரை பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்குவார்கள். நேரமாக ஆக நிறம் கறுக்கும், குமிழி பெரிதாகும், வெடிக்கும் சத்தம் தடிக்கும். காய்ச்சுகிற அம்மா சட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். குமிழி வெடிக்கிற சத்தத்தை வைத்தே பதத்தைச் சொல்லிவிடுவார். சிரட்டையில் ஊற்ற வேண்டிய கணம் தவறினால் கருப்பட்டி கெட்டுப்போகும்.

எரிகுழம்பு ஏரியிலும் இதே சுழற்சிதான். வாயு நிறைந்த சூடான பாறைக்குழம்பு லேசாக இருப்பதால் மேலே ஏறுகிறது. மேலே வந்து வாயுவை விட்டதும் கனம் கூடி, குளிர்ந்து, பக்கவாட்டில் மறுபடி கீழே போகிறது. ஏறுவதும் இறங்குவதும் நிற்காத வரை ஏரி உறையாது. மேற்பரப்பில் கறுத்த ஆடை படியும். ஆடை விரிசல் விட்டு, துண்டு துண்டாக நகர்ந்து, ஓர் ஓரத்தில் மூழ்கும். விரிசல்களில் சிவப்பு தெரியும். பூமியின் கண்டத்தட்டுகள் கோடி ஆண்டுகளில் செய்வதை அந்த ஆடை சில நிமிடங்களில் செய்துகாட்டுகிறது. 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்தச் சட்டியிலும் வல்லுநர்கள் குமிழிச் சத்தத்தைக் கேட்கிறார்கள். காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியைப் பிடிக்கும் கருவிகளை அதற்காகவே விளிம்பைச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

1911-ல் கிலவேயாவின் ஹலேமவுமவு பள்ளத்தின் குறுக்கே கம்பிவடம் கட்டி, அதிலிருந்து வெப்பமானியை ஏரிக்குள் இறக்கினார்கள் ஆய்வாளர்கள் ஃபிராங்க் பெரெட்டும் ஷெப்பர்டும். முதல் கருவிகளை ஏரி விழுங்கிவிட்டது. கடைசியில் ஆயிரம் டிகிரியை ஒட்டிய ஓர் அளவு கிடைத்தது. அடுத்த ஆண்டே அங்கே நிரந்தர ஆய்வகம் எழுந்தது. அதை நிறுவிய தாமஸ் ஜாகர், 1902-ல் மார்ட்டினிக் தீவின் செயின்ட் பியர் நகரத்தை எரிமலை அழித்த சில நாட்களில் அங்கே போய் நின்றவர். சுமார் 28,000 பேர் இறந்த இடம். வெடித்த பிறகு போய்ப் பார்ப்பதில் பயனில்லை, முன்னாலிருந்தே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். நூறாண்டு தாண்டி அந்த ஆய்வகம் இன்றும் இயங்குகிறது.

இன்று அங்கே யாரும் கம்பிவடத்தில் வெப்பமானி கட்டித் தொங்கவிடுவதில்லை. லேசர் கதிர் பள்ளத்திலுள்ள எரிகுழம்பின் மட்டத்தை அளக்கிறது. புகையைத் துளைத்துப் பார்க்கும் வெப்பக் கேமரா இரவு பகலாக விழித்திருக்கிறது. கந்தக டையாக்சைடு எவ்வளவு வெளியேறுகிறது என்று நிறமாலைக் கருவி சொல்கிறது. மலை வீங்குவதைச் சாய்வுமானி காட்டுகிறது. ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் எவ்வளவு சாயுமோ, அந்தச் சாய்வையும் அது பிடித்துவிடும்.

2018 ஏப்ரல் கடைசியில் கிலவேயாவின் ஏரி நிரம்பி விளிம்பைத் தாண்டி வழிந்தது. அழுத்தம் கூடுகிறது என்று ஆய்வகம் ஏற்கெனவே அறிவித்திருந்தது. மே 3 அன்று, உச்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, வீடுகளுக்கு நடுவே நிலம் பிளந்து எரிகுழம்பு வந்தது. அதே நாட்களில் உச்சியில் ஏரி வடியத் தொடங்கியது. மே 10-க்குள் கண்ணுக்கே தெரியாத ஆழத்துக்குப் போய்விட்டது. இங்கே வடிந்தது அங்கே வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. எரிகுழம்பில் ஒருவரும் சாகவில்லை.

நியிரகாங்கோவின் கதை வேறு. அதன் அடியில் கோமா நகரம் இருக்கிறது, லட்சக்கணக்கான மக்கள். 1977-லும் 2002-லும் ஏரி பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு ஓடியதை ஊர் மறக்கவில்லை. ஆய்வகமும் இருந்தது, படித்த ஆட்களும் இருந்தார்கள். ஆனால் வெளிநாட்டு நிதி 2020-ல் நின்றபோது கருவிகளின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. மாதக்கணக்கில் தரவு வரவில்லை. இணைப்பு திரும்பிய கொஞ்ச காலத்தில், 2021 மே 22 மாலையில், தெளிவான எச்சரிக்கை எதுவும் இல்லாமல் மலை பிளந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை சாடை எதுவும் காட்டாமல் போயிருக்கலாம். காட்டியிருந்தாலும், அந்த மாதங்களில் அதை வாங்கிக்கொள்ள ஒரு கம்பி இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. கருவி வாங்கும் நாளில் ரிப்பன் வெட்ட எல்லோரும் வருகிறார்கள். மின்கலம் மாற்றவும் இணையக் கட்டணம் கட்டவும் வருடா வருடம் பணம் ஒதுக்க யாரும் முன்வருவதில்லை.

பொழியூருக்கு இதில் என்ன?

இந்தக் கேள்வியைக் கடற்கரையில் என்னிடமே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாரன் தீவு வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். நெய்யாறு கடலில் சேரும் பூவாருக்குத் தெற்கே, நீரோடிக்கு வடக்கே, அரபிக்கடலைப் பார்த்து இருக்கிறது பொழியூர்.

ஆனால் தூரத்தில் நடப்பது கரைக்கு வந்து சேரும் என்பதை இந்தக் கரைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு சொல்லே இங்கே இருக்கிறது: கள்ளக்கடல். காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிந்திருக்கும். திருடனைப் போலக் கடல் வீட்டுக்குள் வரும். 2024 மார்ச் 31 அன்று திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையில் வந்ததும் அப்படித்தான். ஐதராபாதில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் மையம் அதன் தடத்தைப் பின்னோக்கிப் பார்த்தது. தென் அட்லாண்டிக்கிலிருந்து நகர்ந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மார்ச் 28 வாக்கில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடிக்கு வந்து எழுப்பிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி மூன்று நாளில் இந்தக் கரையைத் தொட்டிருக்கின்றன. மீனவர் வாயிலிருந்து பிறந்த அந்தச் சொல்லை யுனெஸ்கோ 2012-ல் அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது.

எரிமலைகளும் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. 1883 ஆகஸ்ட் 27 அன்று கிராகடோவா வெடித்துச் சிதறியது. இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாக உதித்துப் பச்சையாக அடைந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் நிறமாலைக் கருவியை எடுத்துக்கொண்டு அந்தப் பச்சைச் சூரியனை நாள்தோறும் பதிவு செய்தார். அவர்தான் பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை உருவாக்கியவர். ஜாவாவுக்குப் பக்கத்தில் கொட்டிய தூசியைத் தமிழ்நாட்டு வானத்தில் ஒருவர் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார்.

அதே இடத்தில் முளைத்த குட்டி எரிமலையான அனக் கிராகடோவா 2018 டிசம்பர் 22 இரவு தன் ஒரு பக்கச் சரிவைக் கடலுக்குள் தள்ளியது. சுனாமி எழுந்து நானூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லை. நிலநடுக்கத்தைப் பார்த்து ஒலிக்கும்படி அமைத்திருந்த எச்சரிக்கை ஏற்பாடு மௌனமாக இருந்துவிட்டது. 2004-க்குப் பிறகு நாமும் ஐதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைத்தோம், 2007 முதல் நன்றாக நடக்கிறது. அந்தமான் கடலில் செங்குத்துச் சரிவுகளோடு நிற்கும் நம் எரிமலையின் ஒவ்வோர் அசைவையும் அந்த மையத்தின் மேசைக்குக் கொண்டுவருவது அடுத்த வேலையாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பாரன் தீவில் ஆள் தங்குவதில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு இறங்கவும் அனுமதி கிடைப்பதில்லை. அதன் சாம்பல் மேகம் விமானங்களுக்கு ஆபத்தா என்று கவனித்து அறிவிப்புத் தருவது ஆஸ்திரேலியாவின் டார்வினில் உள்ள மையம். உலக வான்போக்குவரத்து ஏற்பாட்டில் அந்தமான் கடல் அவர்கள் பங்குக்கு வந்திருக்கிறது, பொறுப்போடு செய்கிறார்கள். 1982-ல் ஜாவாவின் கலுங்குங் சாம்பலுக்குள் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோனதை உலகம் மறக்கவில்லை. ஆனாலும் நம் மலையைப் பற்றிய அன்றாடச் செய்தி நம் வீட்டிலிருந்து வர வேண்டாமா?

வருவதற்கான வழி இப்போது திறந்திருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் செயற்கைக்கோள், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பி வந்து, தரை சென்டிமீட்டர் அளவுக்கு வீங்கியதா தாழ்ந்ததா என்று ரேடாரில் பார்க்கும். மேகமோ இருட்டோ அதற்குத் தடையில்லை. வானத்திலிருந்து ஒரு கோடு கிடைத்துவிட்டது. கணிச்சம் பிடிக்க இன்னொரு கோடு வேண்டும். கடலடியில் நிலநடுக்கமானி, தீவில் சாய்வுமானி, போகிற வருகிற கப்பல்களிலிருந்து முறையான பதிவு, ஆண்டுக்கு இத்தனை முறை என்று தேதி குறித்த ஆய்வுப் பயணம் என்று அந்தக் கோடு கீழிருந்து வர வேண்டும்.

பார்ப்பது மட்டும் போதாது, பார்த்தது உரியவர்களை எட்டவும் வேண்டும். 2017 ஜனவரியில் விஞ்ஞானிகள் எரிகுழம்பைப் பார்த்த அதே ஆண்டின் நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. தூத்தூர் வட்டார விசைப்படகுகள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குபவை. எச்சரிக்கை கரையில் எழுதப்பட்ட நேரத்தில் மீனவர்கள் அதைக் கேட்க முடியாத தூரத்தில் இருந்தார்கள். பொழியூரிலிருந்து நீரோடி வரை, கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கோட்டுக்கு இருபுறமும், மாதக்கணக்கில் ஒப்பாரி நிற்கவில்லை. புயலைப் பார்ப்பவர்களுக்கும் கடலில் இருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு கம்பி அறுந்திருந்தது. கோமாவின் கதையைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது அந்த வாரம்தான்.

போன மாதம் பெரியவரைப் பார்க்க மறுபடி போனேன். அவர் பழைய கணிச்சங்களில் ஒன்றுக்கு முன்னடையாளமாக இருந்தது ஒற்றைத் தென்னை. அது நின்ற இடத்தைக் காட்டினார். அலைக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு தண்ணீர் இருக்கும். தென்னை போனதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கரையில் புதிதாக எழும்பிய கைபேசிக் கோபுரத்தைக் காட்டினார். அதையும் மலைமுகட்டையும் சேர்த்து, நாலைந்து முறை வள்ளத்தில் போய், கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பார்த்து, கோட்டைத் திருத்தி வைத்திருக்கிறாராம். பேரனிடமும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பேரன் கையில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் பார் வருகிற நேரத்தில் ஒருமுறை நிமிர்ந்து கரையைப் பார்த்துக்கொள்கிறான் என்றார்.